பெரியம்மா ஊட்டிய சாயோ

சனிக்கிழமை இரவு, புதுச்சேரி கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு சிறிய உணவகம். ஏழு பேர், ஒரே மேசை. சுறாப்புட்டு அடைத்த மோமோவை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு மிளகு கூடுதலாகப் பட்டது. வாழைப்பூ வைத்துச் சுருட்டிப் பொரித்த வியட்நாமியப் பண்டமான சாயோ வந்ததும், சைகோனில் பிறந்த பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், வியட்நாமை உள்ளடக்கிய இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போன நம் ஊர்க் குடும்பங்கள் பல, 1954இல் அங்கே அந்த ஆட்சி முடிந்தபின் திரும்பின. அவர்களோடு வந்த பண்டம் அது.

லெட்யூஸ் இலையில் புதினாவோடு சுருட்டி, நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் நுவோக் மாம் சாற்றில் தோய்த்து, முதல் துண்டை என் மகளுக்கு ஊட்டினார்.

“அம்மா பன்றி இறைச்சிதான் வைப்பார்கள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணு.”

இன்னொரு தட்டு கேட்டோம். மோமோ ஆறிப்போய்க் கிடந்தது.