திரையில் கண்ட அச்சோவியம் கூடத்துச் சுவருக்கு வந்த வழி

பெங்களூரில் ஃபிரேசர் டவுன் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு, கூடத்துச் சுவருக்குக் கடைகளில் விற்கும் அலங்காரப் படம் எதுவும் வேண்டாம், ஓர் ஓவியரின் கையில் உருவான படைப்புதான் வேண்டும் என்று நானும் கணவரும் பேசி வைத்தோம். தமிழ் வாசிப்பில் வளர்ந்த என்னைப் போன்ற பலருக்கு நவீன ஓவியம் சிற்றிதழ்ப் பக்கங்கள் வழியாகவும் நூல் அட்டைகள் வழியாகவும்தான் அறிமுகமாயிற்று. ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களையும் டிராட்ஸ்கி மருதுவின் வேகமான கோடுகளையும் நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். அதனால் 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் மரபில் பயின்று, இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரின் படைப்பை வாங்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒதுக்க முடிந்த தொகை 25,000 ரூபாய். சென்னைக்குப் போய்க் காட்சிக்கூடங்களில் தேடும் வசதி எங்கள் வேலைநேரத்தில் இல்லாததால், ஓவியங்களை விற்கும் இணையச் சந்தைகளில் தேடத் தொடங்கினேன்.

அங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் பொருள்களைப் பிரித்தறிவதுதான். ரவி வர்மா 1906-இல் மறைந்தவர். அவர் படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் அவற்றைக் கான்வாஸில் அச்சிட்டு விற்கலாம். அத்தகைய அச்சுப்படங்களின் மேல் ஒளி ஊடுருவும் பசையைத் தூரிகையால் இழுத்து, தூரிகைத் தடம் போன்ற தோற்றத்தை உண்டாக்கி, கூடுதல் விலைக்கு விற்பவர்களும் உண்டு. அலங்காரத்துக்கு வாங்குவோருக்கு அதில் குறையேதும் இல்லை. ஆனால் ஓர் இளம் ஓவியர் வாரக்கணக்கில் உழைத்து வரைந்த படமும் அதுவும் ஒரே அளவில், ஒரே விதமான ஒளியில் திரையில் தோன்றும்போது, விவரக் குறிப்பில் ஊடகம் என்ற வரியை நிதானமாகப் படிக்கிறவருக்கு மட்டுமே வேறுபாடு புலப்படும். கான்வாஸில் அக்ரிலிக் என்பது ஒன்று, கான்வாஸில் அச்சு என்பது வேறொன்று. ஊடகம் என்ன என்று சொல்லாத பட்டியல்களை நான் திறந்து பார்ப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

மறைந்த ஓவியர்களின் பெயரில் வரும் படைப்புகளிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. சென்னை மரபின் பெரிய பெயர்களில் ஒன்றைச் சொல்லி, ஒரு தளத்தில் ஒரு சிறு மைக்கோட்டோவியம் எங்கள் தொகைக்குள் அடங்கும் விலையில் இருந்தது. மனம் அதில் சற்று ஒட்டத்தான் செய்தது. மும்பையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய சாஃப்ரன்ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் விற்பனை விலைகளைத் தளத்திலேயே வைத்திருக்கின்றன; அவற்றோடு ஒப்பிட்டபோது இந்த விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. முன்பு யாரிடம் இருந்தது, எந்தக் கண்காட்சியில் வைக்கப்பட்டது, பழைய ரசீதோ ஓவியரின் குடும்பத்தாரின் கடிதமோ உண்டா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டேன். ஒரு பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்பதற்கு மேல் பதில் வரவில்லை. கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாததால் அதை விட்டுவிட்டேன். வாழும் ஓவியரிடம் வாங்குவதில் இந்தச் சிக்கல் இல்லை. படைத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கிடையில் நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வதும் அவசியம் என்று பட்டது. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம், கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை மற்றும் நிழற்பட அருங்காட்சியகம், குமார கிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத் என்று விடுமுறை நாள்களில் போய்வந்தேன். பரிஷத் ஜனவரியில் நடத்தும் சித்திரச் சந்தையில் ஓவியர்களோடு நின்று பேசவும் முடிந்தது. அங்குதான் எனக்கு எட்சிங் எனப்படும் தகட்டு அச்சோவியத்தின் மேல் ஈடுபாடு வந்தது. துத்தநாகத் தகட்டிலோ செம்புத் தகட்டிலோ அமிலத்தைத் தடுக்கும் பூச்சைப் பூசி, அதில் ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்து, அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை மேலே வைத்து அழுத்த உருளையில் செலுத்தி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி மை பூசித் துடைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் மூலப் படைப்பாகவே கருதப்படுகிறது. பல தாள்கள் இருப்பதால் விலை மட்டும் எட்டும் தொலைவில் இருக்கிறது. எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு ஓவியச் சேகரிப்பில் இதைவிட நேர்மையான நுழைவாயில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதன் பிறகு தளங்களில் அச்சோவியப் பிரிவை மட்டும் பார்த்தேன். பிடித்தவற்றைச் சேமித்து வைத்து, சில நாள்கள் இடைவெளி விட்டு மீண்டும் பார்க்கும்போது, முதலில் கவர்ந்தவை பலவும் வெளிறிப்போயின. கும்பகோணத்தில் படித்து, சென்னையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சுப் பணி செய்யும் ஓர் ஓவியரின் எட்சிங் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தியது. காய்ந்த ஏரியின் கரையில் பனைகள்; அடர்த்தியான கோடுகளுக்கு நடுவே வெறுமையாக விடப்பட்ட வானம். தளம் அந்தப் படத்தைப் பெரிய சோபாவுக்கு மேல் மாட்டியதுபோல் காட்டியது, ஆனால் அந்தக் காட்சியில் அளவு சரியாக இல்லை. பட்டியலில் இருந்த 30-க்கு 40 சென்டிமீட்டர் என்பது தகட்டின் அளவா தாளின் அளவா என்று கேட்டுத் தெளிந்து, செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தோம். எதிர்ச்சுவருக்கு அது சிறிதாகப்பட்டது. சாப்பாட்டு மேசைக்கு அருகே, கிட்ட நின்று பார்க்கும் இடத்தில் பொருந்தியது.

விற்பவரிடம் நான் கேட்டவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இணையத்தில் வாங்குவதன் பெரும்பகுதி இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்த நிழற்படம் கேட்டேன். தாளின் உண்மையான நிறமும் மையின் கருமையும் அதில்தான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு சிறு காணொலி கேட்டேன். மடிப்பு, அலை, ஈரக்கறை எல்லாம் அந்தச் சாய்வொளியில் தப்பாது. பின்புறத்தின் படம், பென்சிலில் எழுதிய எண்ணும் கையெழுத்தும் தெரியும்படி அடிவிளிம்பின் படம், தாள் பருத்தி நாரால் ஆனதா என்ற விவரம், மொத்தம் எத்தனை தாள்கள் எடுக்கப்பட்டன, பதிப்பு முடிந்ததும் தகட்டைக் கீறிச் செல்லாததாக்கிவிட்டார்களா என்பவையும் என் கேள்விகள். படத்தில் 9/20 என்று இருந்தது. இருபதில் ஒன்பதாவது என்பதே அதன் பொருள். எண் சிறிதாக இருந்தால் தரம் கூடும் என்பதற்கு நான் பார்த்தவரை ஆதாரம் இல்லை. தளத்தின் பணியாளர் கேள்விகளை ஓவியருக்கு அனுப்ப, அவரே தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, தகட்டின் ஓரம் தாளில் அழுந்திய தடம் நான்கு பக்கமும் இருக்கும். படம் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு இருந்த தயக்கம் தீர்ந்தது.

அவருடைய எண் கிடைத்துவிட்ட நிலையில், தளத்தின் தரகைத் தவிர்த்து நேரடியாக வாங்கினால் விலை குறையுமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரை எனக்குக் காட்டியது அந்தத் தளம். அவரும் அதனோடு ஒப்பந்தம் செய்திருந்தார். தனியாகச் சந்தித்த ஓவியரிடம் நேரே வாங்குவது வேறு, ஒருவர் கடையில் பார்த்துவிட்டு வாசலில் பேரம் முடிப்பது வேறு. பட்டியலில் இருந்த 18,000 ரூபாயையே, பேரம் பேசாமல் கொடுத்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியங்களுக்கும் மூல அச்சோவியங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், ரசீதில் அது சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஏலத்தில் வாங்குவோர் இதற்கும் மேலாக, ஏல விலையின் மீது வாங்குபவர் செலுத்தும் கட்டணத்தையும் அதற்கான வரியையும் சேர்த்துத்தான் தங்கள் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

குழலில் சுருட்டி அனுப்புவது தளத்தின் வழக்கம். எட்சிங் தாளைச் சுருட்டினால் தகட்டுத் தடம் தளரக்கூடும் என்பதால், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பும்படி கேட்டு, அதற்கான கூடுதல் தொகையைக் கட்டினேன். பொதி வந்தபோது ஒரு மூலை நசுங்கியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே நாற்புறமும் படம் எடுத்து, பிரிப்பதைக் கணவர் காணொலியாக எடுக்க, தூய்மையான காய்ந்த கைகளால் தாளை வெளியே எடுத்தேன். உள்ளே சேதமில்லை. தகட்டுத் தடம் நான்கு பக்கமும் இருந்தது. பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தபோது கோடுகள் தொடர்ச்சியாகவும், மை தாளின் மேல் மிக மெல்லிதாக எழும்பியும் இருந்தன. கணினி அச்சாக இருந்தால் நுண்புள்ளிகள் தெரிந்திருக்கும். உடன்வந்த சான்றிதழில் தலைப்பும் ஆண்டும் இருந்தன, பதிப்பு எண்ணும் தாள் வகையும் இல்லை. இருபது தாள்கள் உள்ள படைப்புக்கு எண் இல்லாத சான்றிதழ் எந்தத் தாளையும் குறிக்காது என்று எழுதி, ஓவியர் கையெழுத்திட்ட திருத்திய சான்றிதழைப் பெற்றுக்கொண்டேன். அது வந்து சேரும்வரை, திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியாதபடி மின்னஞ்சலில் உறுதியும் வாங்கிவைத்தேன்.

சிவாஜிநகரில் ஃபிரேம் போடும் கடைக்காரர், படம் சுருங்காமலிருக்க முழுத் தாளையும் அட்டையில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். “அண்ணா, ஒட்ட வேண்டாம், மேலே இரண்டு இடத்தில் மட்டும் பிடிப்பு போதும்” என்று கேட்டுக்கொண்டேன். ஒட்டிய தாளைப் பிறகு பாதுகாப்பாகப் பிரிக்க முடியாது. அமிலமற்ற அட்டை, கோதுமைப் பசையால் ஒட்டிய ஜப்பானியத் தாள் கீல்கள், முகப்புத் தகடு தாளைத் தொடாதபடி நடுவே வெட்டிய மவுண்ட் அட்டை, கண்ணாடிக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு என்று அவர் பொறுமையாகச் செய்துகொடுத்தார். தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்கே வெளிச்சம் வைப்பதால், வெயில் படாத உட்சுவரில் மாட்டினோம். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒதுக்கிவிட்டோம். ரசீது, சான்றிதழ், விற்பவர் அனுப்பிய படங்கள், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். தாள் எங்களுடையதாக இருந்தாலும் படத்தின் பதிப்புரிமை ஓவியருடையதே. அதனால் தோழி ஒருத்தி தன் கவிதைத் தொகுப்பின் அட்டைக்கு அந்தப் பனைகளைக் கேட்டபோது, ஓவியரிடம் நேரே அனுமதி கேட்கும்படி சொல்லி, தளத்தின் வழியே அவருக்கு எழுதும் முறையை விளக்கி அனுப்பினேன்.