ஓவியம் தீட்டாத பானைகள்

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பழங்குடியினரான ஹோப்பி-டேவா மக்களின் மட்பாண்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, வெளிர்மஞ்சள் நிறத்தில் கறுப்பும் சிவப்பும் கொண்டு இறகுகளும் பறவைகளும் தீட்டிய குடங்கள்தாம். ஹானோ என்னும் ஊரைச் சேர்ந்த நம்பேயோ என்ற பெண்மணி, சிக்யாட்கி என்ற பாழூரின் பழைய ஓவிய மரபுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் உயிர் கொடுத்தார். அன்று முதல் அருங்காட்சியகங்கள் தேடியவை அந்த ஓவியப் பாண்டங்களையே. என் மனம் நிற்பதோ, அதே மக்கள் சமையலுக்கும் சேமிப்புக்கும் வனைந்துவந்த, ஒரு கோடும் இழுக்கப்படாத பானைகளில்.

இவர்களின் முன்னோர் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றுப்புறத்தில் வாழ்ந்தவர்கள். ஸ்பானியருக்கு எதிராக 1680இலும் 1696இலும் எழுந்த கிளர்ச்சிகளின் காலத்தில் மேற்கே பெயர்ந்து, அரிசோனாவில் ஹோப்பி என்னும் பழங்குடியினர் வாழும் முதல் மேசா என்ற மேட்டின் உச்சியில் குடியேறினர்.

வனைவதற்குச் சக்கரம் கிடையாது. அருகில் தோண்டிய களிமண்ணை ஊறவைத்துப் பிசைந்து, அடுப்பில் ஏறும் பானையாக இருந்தால் வெப்பத்தில் விரிசல் விடாதிருக்க மணலும் கலந்து, ஆழமற்ற தட்டொன்றில் அடிப்பாகத்தை அமைத்து, அதன்மேல் மண்ணைக் கயிறுபோல் திரித்துச் சுற்றுச் சுற்றாக ஏற்றுகிறார்கள். சுரைக்குடுக்கைச் சில்லால் சுவரை வழித்து, உலர்ந்தபின் சுரண்டி மெல்லிதாக்குகிறார்கள். மெருகேற்றுவது வழுவழுப்பான கூழாங்கல்லால். அக்கல் தாயிடமிருந்து மகளுக்குச் சேரும் குடும்பச் சொத்து. இந்தக் கட்டத்தில்தான் ஓவியமற்ற பானையின் கடினம் எனக்குப் புரிந்தது. கோணிய வாயிலிருந்தும் தடித்த சுவரிலிருந்தும் கண்ணை வேறு பக்கம் இழுக்க அதில் சித்திரம் எதுவும் இல்லை.

நிறத்தைத் தருவது நெருப்பு. சாம்பல்நிறக் களிமண், தன்னிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து வேகும்போது மஞ்சளாகவும் இளஞ்செம்மஞ்சளாகவும் மாறுகிறது; மஞ்சள் மண்ணோ சிவக்கிறது. சூளை கட்டுவதில்லை. திறந்தவெளியில் பானைகளை அடுக்கி, உடைந்த ஓடுகளால் காப்பிட்டு, பட்டியில் மிதிபட்டு இறுகிய ஆட்டுச் சாணப் பாளங்களைச் சுற்றிலும் வைத்து எரிக்கிறார்கள். ஸ்பானியர் வழியாக ஆடுகள் வந்து சேருமுன், இந்த மேடுகளின் ஹோப்பிகள் நிலக்கரியால் பானை சுட்டார்கள் என்பது என்னை வியக்கவைத்த செய்தி. எரிபொருள் பட்ட இடத்தில் கருமுகில்போல் ஒரு நிழல் படியும். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இவற்றுள் நான் மிகவும் நேசிப்பது பிக்கி மாவு கரைக்கும் பெரிய கிண்ணம். நீலச் சோள மாவைச் சாம்பல் கலந்த நீரில் கரைத்துக் காய்ந்த கல்லின் மேல் வெறுங்கையால் மெல்லப் பூசினால், தாள் போன்ற பிக்கி ரொட்டி நொடியில் வெந்து எழும்பும். ரொட்டி அடுக்கு உயரும்வரை அந்தக் கை கிண்ணத்துக்கும் கல்லுக்கும் இடையே ஓயாமல் போய்வரும். விரல்கள் வழித்தெடுக்கும் அந்த உட்புறத்தைத்தான் கூழாங்கல்லால் அவ்வளவு வழுவழுப்பாகத் தேய்த்திருக்கிறார்கள்.