பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: பென்டிரைவுக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பத்து வருஷ லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நெட் பார்க்க, பிள்ளைகள் படிக்க, கரண்ட் பில் கட்ட, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளம். 4 ஜிபி ராம் வேண்டும். 2 ஜிபியிலும் ஏறும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறும்.

கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்களில் முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். உப்புக்காற்றில் ராமின் பொன்னிறப் பட்டைகள் மங்கியிருக்கும். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு ராமை உருவி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டி மாட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். இன்ஸ்டால் பாதியில் உறைந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராமைத்தான்.

அடுத்தது மதர்போர்டில் உள்ள, கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் செல். அது செத்திருந்தால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். உடனே பிரவுசர், சான்றிதழ் செல்லாது என்று எல்லாத் தளத்தையும் மறிக்கும், அப்டேட்டும் அடம்பிடிக்கும். நெட் வந்ததும் மின்ட் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மாற்றி வைத்தது பழையபடி ஆகிவிடலாம். லினக்ஸுக்கு விழும் திட்டில் பாதி இந்தச் செல்லுக்குச் சேர வேண்டியது. சில மாடல்களில் ஒயரும் குட்டி பிளக்கும் சேர்ந்தே வரும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டுவிடுங்கள். 4 ஜிபி ராம் ஏற்கெனவே இருந்தால் காசை இதில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

8 ஜிபி பென்டிரைவில் எட்சர் என்ற மென்பொருளால் மின்ட்டின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பு) எழுதுங்கள். அதில் இருந்ததெல்லாம் அழியும். பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 மெனுவைப் பயாஸில் முதலில் இயக்க வேண்டியிருக்கும். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறை 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி'யில் இருக்கலாம், 'ஏஹெச்சிஐ' ஆக்குங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் இதில் அவசரப்படாதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம்.

பேட்டரி செத்த லேப்டாப் என்றால் இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள், ஐப்பசி கார்த்திகையில் கட்டாயம். முழு டிஸ்க்கையும் அழித்துப் போடும்போது கரண்ட் போனால் மறுபடி ஆரம்பித்தால் தீர்ந்தது. விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது போனால் உள்ளே இருக்கும் போட்டோவெல்லாம் போகலாம்.

பிராட்காம் வைஃபை சிப் முதலில் வேலை செய்யாமல் இருக்கலாம். போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு (போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தருவது), டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை ஏற்றுங்கள். தமிழ்99 விசைப்பலகை வேண்டுவோர் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளின் எம்17என் தொகுப்பைப் போடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி பல இடங்களில் தானாக விழும்.

பிரிண்டர் மட்டும் முன்பே விசாரிக்க வேண்டிய விஷயம். ஹெச்பி பெரும்பாலும் செருகியதும் ஓடும். கேனான் எல்பிபி 2900 வீட்டில் இருந்தால் தனி டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.