144 முடிச்சு, 131 புள்ளி

நேற்று மாலை மொட்டைமாடிக் கொடியில் காய்ந்திருந்த துணியை எதிரெதிர் மூலைகளில் பிடித்துக் குறுக்காக ஓர் இழுப்பு இழுத்தேன். பட்பட்டென்று முடிச்சுகள் தெறித்தன. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகக் கண் விழித்தன. கீழே இறங்கக்கூடப் பொறுமையில்லாமல் அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். கட்டியது 12-க்கு 12, மொத்தம் 144. தெளிவாக விழுந்தவை 131. முதல் துணியில் 19-தான் தேறியது, இரண்டாவதில் 58. மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடாத சுங்குடி, அதாவது துணியை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் மதுரைக் கைவேலை, நேற்றுதான் கைக்கு வந்தது.

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் பட்டறையாக இதைக் கற்றுக்கொண்டேன். ஒன்பது பேர் இருந்தோம். சொல்லிக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய சவுராஷ்டிரச் சமூகத்து அம்மா. பேசிக்கொண்டே கட்டுவார், துணியைப் பார்க்கவே மாட்டார். நிமிடத்துக்கு ஐந்தாறு முடிச்சு விழும். நான் ஒரு நிமிடத்துக்கு ஒன்று. என் கையைச் சற்று நேரம் பார்த்தவர், “இழுத்துக் கட்டாதே தம்பி, இருத்திக் கட்டு” என்றார். அப்போது தலையை ஆட்டினேனே தவிர, அந்தச் சொல்லின் பொருள் மூன்றாவது துணியில்தான் விளங்கியது.

அதை மட்டும் விரிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த வித்தையும் அங்கேதான் இருக்கிறது. இடது கைப் பெருவிரல் நகத்தாலும் ஆட்காட்டி விரலாலும் கடுகளவு துணியைக் கிள்ளித் தூக்குகிறோம். அதன் கழுத்தில் நூல் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு அடுத்த புள்ளிக்குப் போகிறது. நூலை அறுப்பதில்லை. அப்படிப் போனால்தான் கடைசியில் ஒரே இழுப்பில் எல்லாம் அவிழும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், மூன்று சுற்றையும் சாதாரணமாகச் சுற்றிவிட்டுச் சுருக்கில் என் பலத்தையெல்லாம் காட்டி இழுத்தேன். சுருக்கு இறுகும், முதல் சுற்று தளர்ந்தே கிடக்கும். துணியின் மடிப்புக்கும் அந்தச் சுற்றுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் சாயம் அதில் ஏறிவிடுகிறது. வெள்ளைப் புள்ளி விழ வேண்டிய இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கறை நிற்கும்.

இருத்துவது என்றால் முதல் சுற்றை நகத்துக்கு நேர் கீழே உட்கார வைத்து, அதை நகத்தாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சுற்றை அதன் மேலேயே ஏற்றுவது. மூன்றாவது வரும்போது நகத்தை எடுத்துவிடலாம். சுருக்கு காவலுக்குத்தான், இறுக்கத்துக்கு அன்று. இப்போது பத்து முடிச்சுக்கு ஒரு முறை ஊசி முனையால் முதல் சுற்றை நெம்பிப் பார்க்கிறேன். நகர்ந்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறேன். நகத்தைக் கொஞ்சம் வளர்த்தே ஆக வேண்டும். வீட்டில் திட்டு விழுந்தாலும் வேறு வழியில்லை.

கிள்ளிய துணியின் உச்சி நூலுக்கு மேலே துளி தலைகாட்டினால், அவிழ்க்கும்போது புள்ளியின் நடுவில் சாயம் பட்ட ஒரு கண் கிடைக்கிறது. அந்தக் கண்ணுக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். அச்சுப் போட்டுச் செய்தால் அது வாய்க்காது.

நூல் விஷயத்தில் ஒரு மாதத்தை வீணடித்தேன். பலமாக இருக்குமே என்று பாலியெஸ்டர் தையல் நூலில் தொடங்கினேன். அது வழுக்குகிறது, நனைந்தாலும் அப்படியே இருக்கிறது. பருத்தி நூல் நனைந்தால் பருத்து, துணியைத் தானாகவே கவ்விக்கொள்கிறது. விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் பருத்தி நூல் கண்டு வாங்கினேன், மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டிய துணியைச் சாயத்தில் இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. காய்ந்த துணியை அப்படியே போட்டால், திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல முடிச்சுக்குள் சாயத்தை இழுத்துக்கொள்கிறது.

துணி, வெளுத்த மல், அதாவது மெல்லிய பருத்தித் துணி. கஞ்சி போகச் சலவைச் சோடாவில் கொதிக்க வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருளாமல் உடனே உள்ளே போக வேண்டும், அதுதான் பதம்.

சாயத்துக்கு அந்த அம்மா எடுத்தது நாப்தால், இரண்டு தொட்டிகளில் அடுத்தடுத்து முக்கி நிறம் வரவைக்கும் சாயம். இரண்டு தொட்டியிலும் சில நிமிடம் முக்கி எடுத்தால் போதும், புள்ளிக்குள் கசிய நேரமே இருக்காது. ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். சின்னப் பிள்ளை நடமாடும் வீட்டில் அதை வைத்திருக்க எனக்கு மனமில்லை. பருத்தி இழையோடு பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயமே எடுத்துக்கொண்டேன். லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 15 கிராம் சலவைச் சோடா, 40 நிமிடம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நிறம் மங்கலாக வந்தது. கடினத் தண்ணீரின் வேலை. பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் போட்டபோதுதான் அரக்கு அரக்காக நின்றது. வைகைத் தண்ணீருக்குத்தான் மதுரைச் சாயம் ஒளிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதை இப்போது நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சிவப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நம் பக்கத்துச் சிவப்பு இம்பூறல் என்ற செடியின் வேரிலிருந்தும் படிகாரத்திலிருந்தும் வந்தது. அதனால்தான் அந்த வேருக்குச் சாயவேர் என்று பெயர். அந்த வேரில் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புச் சாயப் பொருளை 1868-ல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதன் பிறகு வேர் தோண்டுவதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? எனக்கு அந்தச் சிவப்பை ஒரு கைக்குட்டையிலாவது பார்க்க வேண்டும். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ இம்பூறல் வாங்கி வந்தேன். இருமலுக்கென்று முழுச் செடியாக விற்கிறார்கள், தண்டும் இலையும்தான் அதிகம். வேரைப் பொறுக்கி எடுத்ததில் ஒரு கைப்பிடி தேறியது. தனி வேர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓர் ஆதங்கமும் உண்டு. போன வாரம் ஒரு கடையில் ‘கைக்கட்டுச் சுங்குடி’ என்று ஒரு சேலையை எடுத்துப் போட்டார்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, கண் இல்லை, கிள்ளிய சுருக்கம் இல்லை, ஓரத்தில் மெழுகு விரிசல் விட்ட கீறல். புள்ளிகளை மெழுகால் அச்சிட்டுச் சாயமேற்றும் மெழுகு அச்சும் உழைப்புதான், அதில் தேர்ந்தவர்களை மதிக்கிறேன். அதை அதன் பெயரிலேயே விற்கட்டும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர் இது. ஐந்தரை மீட்டர் சேலையில் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் ஏறக்குறைய பத்தாயிரம் முடிச்சு. என் வேகத்தில் கட்டினால் 165 மணி நேரத்துக்கு மேல் ஆகும். துணியை இரட்டையாக மடித்துக் கட்டினால் வேலை பாதியாகும், ஆனால் உள்மடிப்பின் புள்ளி மங்குகிறது. இத்தனை முடிச்சையும் வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கட்டி முடித்திருக்கிறார்கள். அந்தக் கூலி சேலை விலையில் தெரிய வேண்டும். அச்சுச் சேலையை இந்தப் பெயரில் விற்றால் எப்படித் தெரியும்?

தவறிய 13 புள்ளிகளுக்கு வருகிறேன். அதில் ஒன்பது கரையை ஒட்டியவை. அங்கே நெசவு நெருக்கம், கடுகளவு கிள்ளினால் துணி விரலுக்குள் நிற்பதில்லை. கரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டுத் தொடங்கச் சொன்னார் அந்த அம்மா. போனில்தான் கேட்டேன். படத்தையும் அனுப்பினேன், “கண் வந்துவிட்டதே” என்றார்.

சிவப்புத் துணியை இன்னும் இரண்டு தண்ணீர் அலச வேண்டும், சோப்புக் கொதியும் பாக்கி. அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். இரட்டை நிறம்: முதலில் வெள்ளைக்கு ஒரு கட்டு, பிறகு மஞ்சள், அதன் மேல் மஞ்சள் புள்ளிகளுக்கு இன்னொரு கட்டு, கடைசியில் அரக்கு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழி கிடையாது. கோலப் புள்ளிபோல ஊடுபுள்ளியாகச் சாக்குக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறேன். முதல் கட்டில் ஐந்து வரிசை முடிந்தது. ஆறாவதில் நகம் உடைந்துவிட்டது. வளரும்வரை ஊசி முனையால் தூக்கிக் கட்டிப் பார்க்கிறேன், ஆனால் முதல் சுற்றை அழுத்திப் பிடிக்க அது உதவவில்லை.