திருப்பி அனுப்பும் மேசை

வார இதழ் ஒன்றில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்த எனக்கு, தேறாத கதைகளைத் திருப்பி அனுப்புவதே பாதி வேலை. அந்த நாள்களில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய நூல், 1897-இல் மறைந்த மார்கரெட் ஒலிஃபன்ட் எழுதிவைத்து, 1899-இல் அச்சேறிய அவருடைய தன்வரலாறு.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஒலிஃபன்ட்டின் முதல் நாவல் 1849-இல், அவருக்கு 21 வயதானபோது வெளிவந்தது. கண்ணாடி ஓவியரான கணவர் 1859-இல் ரோம் நகரில் காசநோயால் இறந்தபோது கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று, தலைமேல் ஏறத்தாழ 1,000 பவுண்டு கடன். எடின்பரோவில் இருந்துகொண்டு பிளாக்வுட் இதழுக்கு அவர் அனுப்பிய கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் நேரிலேயே போய், தொடர்கதை ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டார். அந்த இதழை நடத்திய பிளாக்வுட் சகோதரர்கள் இருவரும் அவர்மீது இரக்கமுள்ளவர்கள்தாம். ஆனாலும் இயலாது என்றார்கள். அதனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் எதிரில் அழுதுவிடக் கூடாதே என்று விரைந்து வெளியேறினார். அன்றிரவு, பிள்ளைகள் உறங்கிய பின் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதே கார்லிங்ஃபோர்டு கதைவரிசை. 1861 முதல் அதை வெளியிட்டதும் அதே இதழ்தான். சில ஆண்டுகளில் அவ்வரிசையின் ஒரு நாவலுக்கு 1,500 பவுண்டு தந்தது.

படிப்பவர்கள் அந்த இரவை வியப்பார்கள். எனக்கோ மறுத்தவர்களின் அறைதான் கண்ணில் நின்றது. ஒருமுறை சிறுவன் ஒருவனைக் கையில் பிடித்தபடி கதையின் நிலவரம் கேட்டு வந்த பெண்மணியிடம், "அவசரத்தில் எழுதியது தெரிகிறதம்மா" என்றேன். "பரவாயில்லைங்க சார்" என்றார். உண்மையிலேயே பரவாயில்லை போலும் என்று நானும் நம்பி, அடுத்த உறையைப் பிரித்தேன்.

ஒலிஃபன்ட்டையும் அவசரக்காரர் என்றே விமர்சகர்கள் குறைகூறினார்கள். ஏறத்தாழ நூறு நாவல்கள். அவற்றில் நான் படித்த சிலவற்றிலும் தொய்வு உண்டு, அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இளமையில் அம்மா தைத்துக்கொண்டிருந்த மேசையின் ஓரத்தில், வீட்டாரின் பேச்சுக்கு நடுவே எழுதப் பழகியவர் அவர். இரவைத் தவிர, இடையூறில்லாத இரண்டு மணி நேரம் தமக்கு வாய்த்ததே இல்லை என்கிறார். ஈட்டன் பள்ளியில் படித்த மகன்களோடு, நொடித்துப்போன அண்ணனின் குடும்பத்தையும் அந்தப் பேனாதான் தாங்கியது. அதே காலத்து நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டைப் போலப் பேணிக் காக்கப்பட்டிருந்தால் தாமும் மேலாக எழுதியிருப்போமோ என்று அவரே கேட்டுக்கொள்ளும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அந்தப் பெண்மணியின் கதை பின்பாதியில் தளர்ந்திருந்தது உண்மை. முதல் நான்கு பக்கங்கள் மிக நன்றாக இருந்தன. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.