தண்ணீரும் தீயும் ஒரே மனுவில்: நகர்மன்றத்தில் பதினான்கு மாதங்கள்

அன்று தீயணைப்பு வண்டி தாமதமாக வரவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஏனென்றால், ஊரில் பலரும் தாமதம் என்றுதான் பேசிக்கொண்டார்கள், நானும் என் முதல் மனுவில் அப்படித்தான் எழுதினேன், அது தவறு. பங்குனி மாத மத்தியானத்தில் எங்கள் தெருவை ஒட்டிய பஞ்சுக் கழிவுக் கிடங்கில் தீப்பிடித்தபோது, அழைத்த பத்து நிமிடத்துக்குள் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் நான்கு பேர். ஒருவர் வண்டியின் பம்பைவிட்டு நகர முடியாது. இருவர் குழாயைப் பிடிக்க வேண்டும். மீதி ஒருவர்தான் கதவை உடைக்கவும், கூட்டத்தை விலக்கவும், மின்வாரியத்துக்குச் சொல்லவும் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாவது குழாய் வண்டியிலேயே சுருண்டு கிடந்தது. பிடிக்க ஆளில்லை.

வண்டியின் தொட்டி கொள்வது 4,500 லிட்டர். ஒரு குழாய் வழியே நிமிடத்துக்கு 450 லிட்டர் போனாலே பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் அளவு அது. தீர்ந்ததும் தெருக்கோடியில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். தொட்டியின் வெளிச்சுவரில் அடிக்கணக்கு எழுதிய பலகை உண்டு. தண்ணீர் இறங்க இறங்க முள் மேலே ஏறும். அன்று முள் உச்சியில் நின்றது. காலையில்தான் இரண்டு வார்டுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். தொட்டி மறுபடி நிரம்ப இரவாகும். அடியில் மிஞ்சியிருந்ததையாவது பிடிக்கலாம் என்றால், அங்கிருந்த குழாயின் வாய் மரை போட்ட பழைய வாய். தீயணைப்புக் குழாயின் 63 மில்லிமீட்டர் இணைப்பு அதில் சேரவில்லை. வண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள நீரேற்று நிலையத்துக்குப் போய்த் திரும்பிய நேரத்துக்குள் பக்கத்து நெசவாளர் வீட்டுக்குள் தீ புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தறியும், அதில் பாதி நெய்து நின்ற பாவும் போயின.

நான் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் பகுதி சபையின் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். மறு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்: தண்ணீர் இருப்பு வேண்டும், ஆள் வேண்டும், தாமதத்துக்கு விளக்கம் வேண்டும். மனு நகராட்சிக்கு அனுப்பப்பட்டது. நாற்பது நாள் கழித்து வந்த பதிலில் இரண்டே வரிகள். குடிநீர் அட்டவணைப்படி நான்கு நாளைக்கு ஒருமுறை வழங்கப்பட்டு வருகிறது. தீயணைப்பு இந்த அலுவலகத்தைச் சார்ந்ததல்ல. இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து எங்கள் தெருவை நடுவில் விட்டுவிட்டன.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளில் ஐந்தாவது குடிநீர் வழங்கல், ஏழாவது தீயணைப்பு. ஒப்படைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது மாநிலம். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநில அரசுத் துறை. தீயணைப்பாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது, துறை பணியமர்த்துகிறது. ஆகவே எங்கள் நகர்மன்றம் நினைத்தாலும் ஒரு தீயணைப்பாளரைக்கூட நியமிக்க முடியாது. ஆனால் அவர்கள் கையில் உள்ள குழாய்க்குத் தண்ணீர் இருக்குமா என்பது முழுக்க முழுக்க நகர்மன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

எங்கள் வார்டு கவுன்சிலரும் பெண்தான், என்னைவிடச் சிறியவர். "அக்கா, நீங்க கேக்குறதுல பாதி நம்ம கையிலயே இல்ல. இல்லாததயும் சேத்து எழுதுனா, இருக்கறதயும் சேத்துத்தான் தள்ளிவிடுவாங்க" என்றார். நான் பெற்ற ஆலோசனைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். மனுவை இரண்டாகப் பிரித்தேன்.

பணியிடங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாளில் மூன்று கேள்விகள் மட்டும்: எங்கள் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவிவாரியாக எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலியாக உள்ளது. "ஏன் நிரப்பவில்லை" என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால், கருத்துக் கேட்பது தகவலாகாது என்று திருப்பிவிட இடம் கொடுத்ததாகும். நான் அனுப்பிய அலுவலகம் அதைப் பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பியது. முப்பது நாள் கடந்தும் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்தேன். அடுத்த மூன்றாவது வாரத்தில் பதில் வந்தது. ஆறு இடங்கள் காலி. அவற்றில் ஓட்டுநர் பணியிடமும் ஒன்று. முறை வைத்து வேலை பார்க்கும் நிலையத்தில், விடுப்பும் வாரஓய்வும் போக, எந்த மத்தியானத்திலும் நான்கு பேருக்கு மேல் வண்டியில் ஏற முடியாது என்பதற்கு அந்தத் தாளைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. முதல் மனுவில் அவர்கள்மீது சொன்ன பழிக்காக நிலைய அலுவலரை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, தண்ணீர் எடுக்கத் தகுந்த இடங்கள் ஊரில் எவை எவை என்று ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினார்.

தண்ணீர்ப் பக்கம்தான் கடினமாக இருந்தது. குடிநீர்த் திட்டங்களை வடிவமைக்க நாடெங்கும் பின்பற்றப்படும் மத்திய அரசின் கையேட்டில் தீயணைப்புத் தேவைக்கு ஒரு வாய்பாடு உண்டு: மக்கள்தொகையை ஆயிரங்களில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நூறால் பெருக்கினால் வருவது நாளொன்றுக்கு வேண்டிய கிலோலிட்டர். 64 ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 800 கிலோலிட்டர், அதாவது எட்டு லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு தேக்கத் தொட்டிகளில் இருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்த எண் எனக்குப் பெரிய ஆயுதம் கிடைத்தது போலிருந்தது. பகுதி சபைக் கூட்டத்தில் அதைப் படித்தேன்.

எதிர்ப்பு என் தெருப் பெண்களிடமிருந்தே வந்தது. "நாலு நாளைக்கு ஒருக்கா வருது. அதுலயும் தொட்டிய முழுசா தொறக்காம வச்சிக்கிட்டா, மேட்டுத் தெருவுக்கு என்னம்மா வரும்?" என்று கேட்டவர், நெசவாளர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர்; தன் வீட்டுச் சுவரில் கரி படிந்திருக்க அவர் இதைக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தாமிரபரணித் தண்ணீரை எங்கோ தொலைவிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாங்கிக் குடிக்கும் ஊரில், தொட்டியின் ஒவ்வோர் அடியும் ஏதோ ஒரு தெருவின் முறை. கையேடு எதிர்பார்ப்பது இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தம் உள்ள குழாய்களை. முறை வைத்துத் திறக்கும் ஊரில் தெருக்குழாய்கள் பெரும்பாலான நேரம் வெறுமையாகவே கிடக்கின்றன. நகராட்சிப் பொறியாளரும் இதையேதான் சொன்னார், அவர் சொன்னது நியாயம்.

வழி காட்டியவர் எங்கள் பகுதியில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி. மேல்நிலைத் தொட்டி வளாகத்திலேயே, கூட்டுத் திட்டம் வருவதற்கு முன் பயன்பட்ட தரைமட்டத் தொட்டி ஒன்று, சுமார் 60 ஆயிரம் லிட்டர் கொள்ளளவுடன், மூடிக் கிடந்தது. பக்கத்தில் மினி பவர் பம்ப் ஆழ்துளைக் கிணறும் உண்டு. உப்புத் தண்ணீர் என்பதால் துவைக்க மட்டும் எடுப்பார்கள். "தீ அணைக்க நல்ல தண்ணி எதுக்கு?" என்றார் அவர். பதின்மூன்று வண்டித் தண்ணீர், குடிநீரிலிருந்து ஒரு குடம்கூடக் குறையாமல். நிலைய அலுவலரிடம் சொன்னபோது, அங்கே மோட்டார்கூடத் தேவையில்லை என்றார். தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தைத்தான் நிறுத்துவார்கள், ஆகவே மோட்டாரை நம்பக் கூடாது, வண்டியின் பம்பே உறிஞ்சுகுழாய் மூலம் எடுத்துக்கொள்ளும், வண்டி தொட்டியருகே வந்து நிற்கப் பாதையும் குழாய் இறங்கத் திறப்பும் இருந்தால் போதும் என்றார்.

கோரிக்கை இவ்வளவு சுருங்கிய பிறகும் அது மன்றத்துக்கு வரப் பல மாதங்கள் ஆயின. பகுதி சபையின் பதிவேட்டில் ஏறியதை வார்டு குழு வழியாக ஆணையருக்கு அனுப்பினோம். முதல் கூட்டத்தில் வேறொரு பொருளின் மீது எழுந்த கூச்சலில் கூட்டமே முடிந்தது. அடுத்த கூட்டத்தில் மதிப்பீடு இணைக்கப்படவில்லை என்று ஒத்திவைத்தார்கள். மதிப்பீடு இல்லாத பொருள் மன்றத்தில் நிற்காது என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே பொறியாளர் பிரிவில் போய் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது முறை, தொட்டியைச் சீரமைப்பதும் மேல்நிலைத் தொட்டியின் அடியில் 63 மில்லிமீட்டர் இணைப்பு வைப்பதும் ஒரு பொருளாகவும், காலிப் பணியிடங்களை நிரப்ப அரசைக் கேட்டுக்கொள்வது தனிப் பொருளாகவும் வந்தன. முதலாவது விவாதமின்றி நிறைவேறியது. இரண்டாவதை, மன்றத்துக்குத் தொடர்பில்லாதது என்று இருவர் ஆட்சேபித்தார்கள். கவுன்சிலர் எழுந்து தகவல் உரிமைப் பதிலை வாசித்தார். காலியான தேதிகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, தீர்மானம் நிறைவேறியது.

ஒப்பந்ததாரர் வேலை முடித்ததும் சோதனைக்கு வண்டி வந்தது. உறிஞ்சுகுழாயின் முனையில் குப்பை போகாமல் தடுக்கும் கூடை போன்ற வடிகட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் விட்டிருந்த திறப்பு குழாயின் அளவுக்குத்தான் இருந்தது, கூடை உள்ளே இறங்கவில்லை. அதை அன்றே அளந்து, தாளில் வரைந்து, நிலைய அலுவலரிடமும் பொறியாளரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாளில் மூடியை உடைத்து மாற்றினார்கள். இரண்டாம் சோதனையில் கூடை இறங்கியது, பம்ப் இரைந்தது, நான்கு நிமிடத்துக்குள் வண்டி நிரம்பி மேலே வழிந்தது. தறியை இழந்த வீட்டுக்காரர் வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

ஆறு காலியிடங்களில் இரண்டு நிரம்பிவிட்டன. ஓட்டுநர் இடம் அவற்றில் இல்லை. மீதி நான்குக்காக, தீர்மானத்தின் நகலை இணைத்து அனுப்பிய மனுவுக்கு ஒப்புகை வந்திருக்கிறது; தேதிவாரியான அதே மூன்று கேள்விகளை இந்த மாதம் மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அண்ணாச்சி தரைத் தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து, வளாகக் குறிப்பேட்டில் அளவை எழுதிக் கையெழுத்திடுகிறார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.