மீதிப் பதினொன்று எங்கே, டாக்டர்?

முந்தாநாள் மாலை பல் மருத்துவ மேற்படிப்புத் தேர்வின் முடிவு வந்தது. தேறிவிட்டேன், இரண்டாம் முறையில். முதல் முறையே தேறியவர்கள் எழுதிய வழிகாட்டல்களைப் படித்தே போன ஆண்டை ஓட்டியவன் நான். ஒருமுறை மண்ணைக் கவ்வியவனும் எழுதினால் யாருக்காவது உதவும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துத் தாள், ஸ்பாட்டர் (வைத்திருக்கும் பொருளைப் பார்த்து இனங்காண்பது), கட்டுரைத் திறனாய்வு, ஆய்வேட்டு வாய்மொழி என்ற அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டிப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கூட்டாகப் படிக்க எனக்கு வராது. நான்கு பேர் சேர்ந்தால் மூன்றாவது பேர் பேசும்போதே என் மனம் எங்கோ போய்விடும். எனவே இங்கே சொல்வதெல்லாம் தனியாக, மெதுவாக, கையால் எழுதிப் படிப்பவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்கள் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள்.

தோற்ற கதை இது. என் ஆய்வு எளிமையானது. இரண்டு பிணைப்புப் பசைகளில் எது டென்டினில், அதாவது எனாமலுக்கு அடியில் உள்ள பல்லடுக்கில், உறுதியாக ஒட்டுகிறது என்பதுதான் கேள்வி. பசை ஒன்றுக்கு 5 கடைவாய்ப்பற்கள். ஒவ்வொன்றின் மேலும் கம்போசிட் என்ற பிசின் நிரப்பியைக் கட்டி, வைர வில்லையில் மெதுவாக அறுத்து, ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள குச்சிகளாக்கி, கருவியில் பூட்டி இழுத்து உடைத்தேன். பல்லுக்கு 6 குச்சி, பசைக்கு 30, ஆக மொத்தம் 60. இரண்டு பசைக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. 'வேறுபாடு இல்லை' என்று முடிவுரை எழுதித் தடித்த அட்டை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டேன். என் வழிகாட்டி கையெழுத்துப் போடும் நாளில்தான் அதை முதன்முறையாகப் புரட்டினார். அதுவும் கையெழுத்துப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக.

வெளித் தேர்வாளர் முன்னுரையைத் தொடவே இல்லை. நேராக அட்டவணையைத் திறந்து விரலை வைத்தார். "முதல் பசையில் 28, இரண்டாவதில் 21. கூட்டினால் 49. மீதிப் பதினொன்று எங்கே, டாக்டர்?"

"அறுக்கும்போதே உடைந்துவிட்டன, சார். அதனால் கணக்கில் சேர்க்கவில்லை."

"இழுப்பதற்கு முன்பே உடைந்த குச்சி நன்றாக ஒட்டியிருந்ததா, மோசமாக ஒட்டியிருந்ததா?"

அந்த ஒரு கேள்வியில் என் ஆய்வேடு முழுவதும் சரிந்தது. இரண்டாவது பசை தன்னுடைய மிக மோசமான ஒன்பது குச்சிகளை வில்லையிலேயே இழந்திருக்கிறது. தப்பிப் பிழைத்த 21 குச்சிகளின் சராசரியை எடுத்துக்கொண்டு, இரண்டே குச்சிகளை இழந்த முதல் பசையோடு சமம் என்று நான் எழுதியிருக்கிறேன். உடைந்தவற்றைக் குப்பையிலும் போட்டுவிட்டேன். எந்தப் பல்லிலிருந்து எத்தனை உடைந்தன என்ற குறிப்பும் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. "மாதிரி எத்தனை?" என்றார். அறுபது என்றேன். "பல் எத்தனை?" பத்து. "அப்படியானால் அறுபது எங்கிருந்து வந்தது?" ஒரே பல்லில் வெட்டிய ஆறு குச்சிகள் உடன்பிறப்புகள். வயது ஒன்று, டென்டின் ஒன்று, பசை தடவிய கை ஒன்று, நாளும் ஒன்று. அவற்றை ஆறு தனி ஆட்களாக எண்ணினால் வேறுபாடு தற்செயலா என்று பார்க்க உதவும் பி மதிப்பு ஆசைப்பட்டபடியெல்லாம் ஆடும்.

அதன் பிறகு இந்த ஓராண்டில் நான் கற்றது ஏதாவது இருக்கிறதென்றால் இந்த இரண்டு கேள்விகள்தான். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் வரியைப் படிப்பதற்கு முன் இவற்றை ஓரத்தில் எழுதிவிடுவேன்: எதை 'ஒன்று' என்று எண்ணியிருக்கிறார்கள்? எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எவை உதிர்ந்தன? பொருளியல், வாய் அறுவை, சிறப்புத் தேவையுடையோர் சிகிச்சை ஆகிய மூன்று தாளுக்கும் இந்த இரண்டே போதும் என்று சொல்வேன். மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர் ஒருவர் திட்டினார். இருக்கட்டும்.

பல் பொருளியலுக்கு வருகிறேன். ஆண்டுகளை ஒருவர் விடாமல் கேட்கிறார்கள். கதையோடு படித்தால் நிற்கும். 1955இல் புவனோகோர், பிசின் ஒட்டுவதற்காக, 85% பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் வைத்தார். இன்று நம் கையில் இருப்பது 37% அளவில். 1962இல் கம்போசிட்டின் அடிப்படைப் பிசினான பிஸ்-ஜி.எம்.ஏ.வுக்குப் போவனின் காப்புரிமை. 1972இல் வில்சனும் கென்ட்டும் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் பற்றி எழுதினார்கள். 1990களில் டோராபினஜாட் குழுவின் வேர்ச் சிகிச்சைச் சிமென்டான எம்.டி.ஏ. இவை ஒருமணி நேர வேலை. இதற்கு மூன்று நாள் ஒதுக்காதீர்கள், நான் ஒதுக்கினேன்.

நேரம் ஒதுக்க வேண்டிய இடம் சோதனை முறைகள். பிசின் நிரப்பிகளுக்கான பன்னாட்டுத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 4049ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கம்போசிட்டின் வளைவு வலிமைக்கு 25 × 2 × 2 மில்லிமீட்டர் கட்டை வார்க்க வேண்டும், 37 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் வைக்க வேண்டும், அரைக்கும் பரப்புக்கான பொருள் குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். இதுவரை எல்லோரும் ஒப்பிப்பார்கள். இரண்டாம் முறை என்னிடம் கேட்ட கேள்வி வேறு: "உங்கள் விளக்கின் முனை எவ்வளவு அகலம்?" கம்போசிட்டை ஒளியால் இறுக வைக்கும் விளக்கைக் கையில் பிடித்துக் கட்டையைச் செய்தவனுக்குத்தான் இது உறைக்கும். முனை கட்டையைவிடச் சிறியது. எனவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பகுதி பகுதியாக ஒளி காட்டுகிறோம். ஏறிய இடத்தில் இரட்டிப்பு ஒளி, மற்ற இடத்தில் ஒற்றை. ஒரே கட்டை என்று நாம் எண்ணுவது சீரான ஒரே பொருளாக இல்லை. இதனால்தான் சிலர் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டைக் கட்டையை விரும்புகிறார்கள். இதைச் சொன்னதும் தேர்வாளர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மீதியைப் பட்டியலாகவே தருகிறேன்.

- வெப்பச் சுழற்சி, அதாவது மாதிரியைக் குளிர்நீரிலும் வெந்நீரிலும் மாறி மாறி முக்குவது, 5, 55 டிகிரிக்கு இடையே. 10,000 சுழற்சி ஓராண்டு வாய்ப் பயன்பாட்டுக்குச் சமம் என்று எழுதினால், அது ஒரு மதிப்பீடு என்றும் சேர்த்து எழுதுங்கள்.
- எந்த விசையில் எத்தனை மாதிரிகள் உடையும் என்று கணிக்கும் வைபுல் பகுப்பாய்வில் சிறப்பு வலிமை என்பது 63.2% மாதிரிகள் உடையும் இடம். 50% என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.
- பல் பொருளியல் அகாதெமி, நான் செய்த அதே குச்சி இழுக்கும் நுண் இழுவிசைச் சோதனைக்கு 2017இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. குச்சியை விட்டுப் பல்லை அலகாக எடுப்பதும், சோதனைக்கு முன் உடைந்தவற்றைத் தெரிவிப்பதும் அதில் இருக்கின்றன. ஆய்வைத் தொடங்கும் முன் அதை நான் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.
- உடைந்த குச்சிக்குச் சுழியம் போடலாம், அளந்தவற்றில் மிகக் குறைந்த மதிப்பைப் போடலாம், விலக்கிவிட்டு எண்ணிக்கையை அறிவிக்கலாம். எதைச் செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதை முறைகள் பகுதியிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

வாய் அறுவைத் தாளில் நான் அதிகம் உழைக்கவில்லை, அதனால் சுருக்கமாக. புதைந்த ஞானப்பல்லுக்கான வின்டர், பெல் - கிரிகரி வகைப்பாடுகள், நரம்புக்கு அருகில் வேர் இருப்பதைக் காட்டும் ரூட் - ஷெஹாப் எழுவகை அறிகுறிகள், மருந்தால் வரும் தாடையெலும்பு அழிவில் எலும்பு 8 வாரத்துக்கு மேல் வெளியே தெரிய வேண்டும் என்ற எல்லை, தாடைக்குக் கதிர்வீச்சு பெற்றிருக்கக் கூடாது என்ற நிபந்தனை. படம் வரைந்து பழகினால் போதும்.

மதிப்பெண் உள்ள இடம் கட்டுரைத் திறனாய்வு. எனக்கு வந்தது ஞானப்பல் அகற்றிய பின் டிரை சாக்கெட்டை (பல் பிடுங்கிய குழியில் உறைவு சிதைந்து வலிப்பதை) தடுக்கும் ஜெல் பற்றிய ஒன்று: ஒரே நோயாளியின் ஒரு பக்கம் ஜெல், மறுபக்கம் வெறும் சாக்கெட். இங்கே 'ஒன்று' எது? பக்கமா, ஆளா? இரு பக்கமும் ஒரே ஆளுடையவை என்பதால் இணைமுறைக் கணக்கு வேண்டும்; ஆசிரியர்கள் தனித்தனி ஆட்களைப் போலக் கணக்கிட்டிருந்தார்கள். அடுத்தது வலி. இரண்டு பக்கமும் ஒரே நாளில் எடுத்திருந்தால், நோயாளி தன் வலியை வலமும் இடமுமாகப் பிரித்துச் சொல்வாரா என்ன?

பிறகு உதிர்ந்தவர்கள். ஏழாம் நாள் தையல் பிரிக்க வராதவர்களை அவர்கள் கழித்திருந்தார்கள். டிரை சாக்கெட்டுக்குப் பிளம் 2002இல் தந்த வரையறையின்படி, பிடுங்கிய 1 முதல் 3 நாளுக்குள் வலி கூட வேண்டும், இரத்த உறைவு ஓரளவோ முழுதுமோ சிதைந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு துடித்தவர் ஏழாம் நாள் வரை நம் வாசலில் காத்திருப்பாரா? அருகில் திறந்திருந்த வேறு கதவைத் தட்டியிருப்பார். வராதவர்களுக்குள்தான் நாம் தேடிய விளைவு இருக்கக்கூடும். இதை எழுதிவிட்டு, கீழே ஒரு சின்னக் கணக்கும் போட்டேன்: சாதாரணப் பிடுங்கலில் 100க்கு 5 பேருக்கு வருவதை 2.5 ஆகக் குறைக்கிறது என்று காட்ட, 80% திறனோடு (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), தனித்தனி ஆட்களைக் கொண்ட ஆய்வில் குழுவுக்கு ஏறக்குறைய 900 பேர் வேண்டும். இந்தக் கணக்கைக் கையால் போடப் பழகுங்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு 'பலனில்லை' என்று சொல்லும் கட்டுரைகளைப் பார்க்கும்போது தானாகவே புன்னகை வரும்.

சிறப்புத் தேவையுடையோர் பிரிவை எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். நானும் முதல் முறை தள்ளினேன். குழந்தையின் ஒத்துழைப்பை அளக்கும் ஃபிராங்கல் நடத்தை அளவுகோலின் நான்கு நிலைகள், டவுன் நோய்க்குறியில் ஈறுநோயும் கழுத்து முள்ளெலும்பின் தளர்வும், மயக்க மருந்து எப்போது, அசையாமல் பிடித்து வைப்பது எப்போது கூடாது. பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை உள்தேர்வாளராக வந்த பேராசிரியை அந்தப் பத்துப் பக்கத்தில் எதையும் கேட்கவில்லை.

"விபேஹோல்ம் ஆய்வு எதைக் காட்டியது?"

சொத்தைக்குச் சர்க்கரையின் அளவைவிட, ஒட்டும் வடிவில் உணவுகளுக்கு இடையே அடிக்கடி தின்பதே கேடு என்றேன். முதலாண்டிலிருந்து எல்லோரும் சொல்லும் விடை.

"யாருடைய பற்கள் அவை?"

நல்லவேளையாக இந்த ஆண்டு அதைப் படித்திருந்தேன். சுவீடனில் லுண்ட் நகரத்தின் விபேஹோல்ம் மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டிருந்த, அறிவுசார் குறைபாடுடைய நோயாளிகள். 1940களில் தொடங்கி, 1954இல் முடிவுகள் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 டாஃபி வரை. அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. நோயாளிகளிடம் நாம் அன்றாடம் சொல்லும் 'இடையிடையே இனிப்புத் தின்னாதீர்கள்' என்ற அறிவுரையின் அடியில் அவர்களுடைய பற்கள் கிடக்கின்றன.

பேராசிரியை தலையசைத்துவிட்டு, "அன்று அவர்களை மட்டும் எடுத்தார்கள். இன்றைய ஆய்வுகளில் அவர்கள் எங்கே?" என்றார். விலக்கல் விதிகளில் என்றேன். 'ஒத்துழைக்க இயலாதவர்கள்', 'ஒப்புதல் தர இயலாதவர்கள்' என்று ஒரே வரியில் வெளியே. ஒப்புதல் தர இயலாதவரிடமும் அவருக்குப் புரிந்த அளவில் இசைவு கேட்க வேண்டும், மறுத்தால் மதிக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வு அறநெறிகளுக்கான ஹெல்சின்கி அறிவிப்பு சொல்கிறது; ஆனால் அதற்குப் பொழுது செலவாகும், விலக்குவதற்கு ஒரு வரி போதும். பிறகு என் ஆய்வையே இழுத்துக்கொண்டேன். என் பசைகளை உலர்ந்த, அசையாத, எச்சில் ஊறாத பல்லில் சோதித்தேன். வாயை அரை நிமிடம் திறந்து வைக்க முடியாதவருக்கு அந்த எண்கள் எதையும் சொல்லவில்லை. அவருக்கு ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் கிளாஸ் அயனோமரோ, சொத்தையை நிறுத்தத் தடவும் 38% சில்வர் டயமீன் ஃபுளோரைடோதான் நடைமுறைக்கு வரும். பின்னதில் சொத்தை கறுத்துவிடும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே, அவரிடமும் உடன் வந்தவரிடமும் சொல்லியாக வேண்டும். பொருளியல் விடையும் சிறப்புத் தேவை விடையும் ஒரே வாக்கியத்தில் முடிந்த அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மதிப்பெண் கிடைத்ததா என்று தெரியாது.

சில துண்டுக் குறிப்புகள்:

- ஆய்வுக்கூடக் கட்டுரைக்கு கிரிஸ், சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுக்கு கன்சார்ட், நோக்காய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல்கள். அவற்றை ஒப்பிக்க வேண்டாம். உங்கள் ஆய்வேட்டிலேயே எதெது இல்லை என்று குறித்துக்கொண்டு போங்கள்.
- முடிவுரையை நீங்களே ஒருமுறை தாக்கி எழுதுங்கள். தேர்வாளருக்கு முன் நீங்களே அதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.
- முந்தைய இரவு தூங்குங்கள். நான் தூங்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சோதனையை முழுவதுமாக மறுபடி செய்தேன். இம்முறை பசைக்கு 10 பல். வில்லையில் உடைந்த ஒவ்வொரு குச்சியையும் பல் எண் குறித்த மெல்லிய நூலில் கட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீரில் போட்டு வைத்தேன். வாய்மொழித் தேர்வுக்கும் அதைச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அதே வெளித் தேர்வாளர்தான் வந்திருந்தார். அதே பக்கத்தைத்தான் திறந்தார். கேட்பதற்கு முன்பே குப்பியை மேசைமேல் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, குப்பியைச் சாளர வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து எண்ணினார். நூல்கள் சிக்கியிருந்ததால் நேரம் பிடித்தது.

"பதின்மூன்று" என்றார்.

அட்டவணையில் பதினான்கு என்று இருந்தது. ஒன்று மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் அதை எடுத்துக் காட்டினேன்.